வைகுண்டராஜ் மேஸ்திரிக்குப் போர்த்திய சால்வை

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு நூல் மில். அங்கே ரிங் பிரேம் பகுதிக்கு மேஸ்திரி வைகுண்டராஜ். பஞ்சு கடைசியாக நூலாகி இறங்குகிற மிஷின்கள் வரிசையாக ஓடும் இடம் அது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது, அப்படி ஒரு இரைச்சல். மீசை முளைக்காத வயதில் அந்த இரைச்சலுக்குள் பஞ்சு கூட்டப் போன மனிதர். இப்போது மீசை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. பெரிய கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. மிஷினில் கோளாறு என்றால் அவருக்கு முந்தி ஃபிட்டர் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் மிஷின் முன்னால் நிற்கிற பொம்பளை ஏன் முகம் செத்து நிற்கிறாள் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

யாருக்கு எந்த ஷிப்டு என்று போடுவது அவர் பொறுப்பு. என்ன பெரிய பொறுப்பு என்று கேட்பவர்கள் ஒரு மாதம் போட்டுப் பார்க்கட்டும், தலைமுடி மிஞ்சாது. ஆடிப்பூரத் தேர் அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கழுத்தை வெட்டினாலும் மில்லுக்கு வரமாட்டார்கள். அன்றைக்கு ராஜபாளையத்துக்காரர்கள் ரெண்டு ஷிப்டு சேர்த்துப் பார்ப்பார்கள். ராஜபாளையத்துத் தெருக்களில் அம்மன் பொங்கல் வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் அந்தக் கடனை அடைப்பார்கள். புரட்டாசி சனிக்கிழமை திருவண்ணாமலைக்கு, அதாவது பக்கத்தில் இருக்கிற நம்ம மலைமேல் பெருமாளுக்கு, முடி இறக்கப் போகிறவர்கள் தனி. எல்லாம் வாய்ப்பேச்சுதான். "அண்ணே, எனக்கு இந்த வாரம் மாத்திப் போடுங்க" என்பார்கள். மாத்திப் போடுவார்.

ஒருத்திக்கு மட்டும் சில வருஷங்களாக அவர் ராத்திரி ஷிப்டே போடுவதில்லை. மாரிக்கனி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, புருஷனை இழந்தவள், படிக்கிற பிள்ளைகள் ரெண்டு. மிஷினில் நூல் அறுந்தால் அவள் கை போய் ஒட்டிவிட்டு வருவது கண்ணுக்குத் தெரியாது. அம்புட்டு வேகம். அவளுக்கு மட்டும் ஏன் பகலிலேயே வேலை என்று ஆரம்பத்தில் சில பேர் முணுமுணுத்ததுண்டு. நாக்கில் நரம்பில்லாதவர்கள் வேறு மாதிரிகூடப் பேசினார்கள். வைகுண்டராஜ் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காரணம் மூன்று பேருக்குத்தான் தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு ராத்திரி ஷிப்டு முடியப்போகிற நேரத்தில், மாரிக்கனிக்கு மிஷின் சந்துக்குள் வலிப்பு வந்துவிட்டது. பக்கத்து மிஷின் பாண்டீஸ்வரிதான் முதலில் பார்த்தாள். அவளும் வைகுண்டராஜுமாகத் தூக்கிப் பஞ்சு மூட்டைக்குப் பின்னால் கிடத்தினார்கள். வைகுண்டராஜ் தன் சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரும்பு வலிப்பை நிறுத்துமோ நிறுத்தாதோ, அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது? தெளிந்து எழுந்தவள் முதலில் தண்ணீர் கேட்கவில்லை.

"அண்ணே, வெளிய தெரிஞ்சா என்னைய அனுப்பிருவாக. முன்னால இருந்த மில்லுல அப்படித்தாண்ணே அனுப்புனாக. ஒழுங்காத் தூங்குனா எனக்கு வராதுண்ணே, டாக்டரே சொல்லிருக்காரு."

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் தாயி."

"சத்தியமா?"

"எங்க குலசாமி மேல சத்தியம்."

பாண்டீஸ்வரியும் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அன்றிலிருந்து மாரிக்கனிக்குப் பகல் ஷிப்டு மட்டும்தான். தூக்கம் கெடவில்லை, வலிப்பும் வரவில்லை. மாரிக்கனியும் பாண்டீஸ்வரியும் ஒரே வேனில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் வருவார்கள், ஒரே தூக்குவாளியில் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். கூடப் பிறந்தவர்கள்கூட இந்தக் காலத்தில் அப்படி இருப்பதில்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த மில்லில் முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். வெளியூரில் படித்தவர், நல்ல மனசுக்காரர். தொழிலாளிகள் சந்தோஷமாக இருந்தால்தான் மில் நன்றாக ஓடும் என்று நினைத்தார். அதற்கு எம்ப்ளாயி எக்ஸ்பீரியன்ஸ் என்று பெயர் சொன்னார்கள். கக்கூஸ்களுக்கு டைல்ஸ் வந்தது. குடிக்க நல்ல தண்ணீர் வந்தது. பிறந்தநாள் வந்தால் கேக் வந்தது. தன் பிறந்தநாள் எதுவென்றே தெரியாத சில ஆட்களுக்கு ஆதார் அட்டையைப் பார்த்து வெட்டினார்கள். நல்லது நடந்தால் நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். மேஸ்திரி என்ற பேர் போய் டீம் லீடர் ஆனது. இதையெல்லாம் கவனிக்க இந்து என்று ஒரு பெண் மதுரையிலிருந்து வந்தது. எல்லாரையும் பேர் சொல்லி, வாங்க போங்க போட்டுப் பேசும். கள்ளமில்லாத பிள்ளை.

ஷிப்டு போடுகிற வேலையும் போனுக்குள் போய்விட்டது. ஒரு ஆப். எல்லாருக்கும் பகலும் ராத்திரியும் சமமாக அதுவே பிரித்துப் போடும். வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. "இனிமே யாரும் யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம்" என்று இந்து சொன்னபோது கைதட்டினார்கள். வைகுண்டராஜும் தட்டினார்.

மாரிக்கனிக்கு ராத்திரி ஷிப்டு விழுந்தது. போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணே, இதுகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"நீ மிஷினப் பாரு. நான் மேடத்தப் பாத்துப் பேசிட்டு வாரேன்."

"அதைச் சொல்லிராதீகண்ணே."

"அட, எனக்குத் தெரியாதா?"

போகும்போதே பொய்யைத் தயார் செய்துகொண்டுதான் போனார். மாரிக்கனியின் அம்மாவுக்கு முடியவில்லை, ராத்திரி பார்த்துக்கொள்ள ஆளில்லை. அருமையான பொய். அதில் பாதி உண்மையும்கூட. அதைச் சொல்லிவிட்டு வந்திருந்தால் இந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

இந்து எழுந்து நின்று "வாங்க சார், உக்காருங்க" என்றது. வைகுண்டராஜுக்கு ஒரு கணம் யாரைச் சொல்கிறது என்று விளங்கவில்லை. அந்த ஆபீஸ் கட்டிடத்துக்குள் அவர் எத்தனையோ தடவை போயிருக்கிறார், ஒரு தடவை உட்கார்ந்ததில்லை. யாரும் சொன்னதில்லை, அவருக்கும் தோன்றியதில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பீங்கான் கப்பில் டீ வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்தது.

"இத்தன வருஷமா ஷிப்ட எப்படி சார் போட்டீங்க? நானும் கத்துக்கணும் சார்."

போதாதா? கொட்ட ஆரம்பித்தார். தேரைச் சொன்னார், பொங்கலைச் சொன்னார், மலையேறுகிறவர்களைச் சொன்னார். யார் புருஷன் குடிக்கிறான், யார் மகள் தாய்வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள், எல்லாம் சொன்னார். அது குறுக்கே பேசவில்லை. "அப்படியா சார்", "பெரிய விஷயம் சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. தன் பேச்சை ஒருத்தர் இப்படிக் கேட்டு வைகுண்டராஜ் வாழ்நாளில் பார்த்ததில்லை. கடைசியில் மாரிக்கனிக்கு ராத்திரி வேண்டாம் என்று கேட்டார்.

"ஏன் சார்?"

பொய் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அவ்வளவு மரியாதையாகக் கேட்கிற பிள்ளையிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. அது மட்டுமா? தான் எப்பேர்ப்பட்ட காரியத்தை இத்தனை வருஷம் ஒற்றை ஆளாகக் காத்து வந்திருக்கிறோம் என்று யாராவது ஒருத்தருக்குத் தெரிய வேண்டாமா என்று உள்ளே ஒரு அரிப்பு. அதுதான் நிஜம். அதை அவர் பிற்பாடு தனக்குத்தானே ஒப்புக்கொள்ள ரொம்ப நாள் பிடித்தது.

"நமக்குள்ளயே இருக்கட்டும் மேடம்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சாவிக்கொத்து வைத்ததைக்கூட விடவில்லை. இந்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது பரவாயில்லை, கத்தியதற்குத் தானே மாட்டிக்கொண்டது. இவர் கத்தியதற்கு மாட்டிக்கொண்டது மாரிக்கனி.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் கால் தரையில் பாவவில்லை. மனைவி நாச்சியாரிடம் பீங்கான் கப்பிலிருந்து எல்லாம் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். மாரிக்கனி பேச்சு வந்ததும் கை நின்றது.

"அதையுமா சொன்னீங்க?"

"நல்லதுக்குத்தான சொன்னேன். அந்தப் பிள்ளைக்கே கண்ணு கலங்கிருச்சு."

"மாரிக்கனி சொல்லச் சொன்னாளா?"

"உனக்கு ஒன்னும் தெரியாது, சும்மா இரு" என்று எரிந்து விழுந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

அந்த வாரமே மாரிக்கனியைக் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். ஓடுகிற மிஷினுக்குப் பக்கத்தில் இவர் நிற்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். யாரும் அவளைத் திட்டவில்லை, துரத்தவில்லை. சம்பளத்தில் கைவைக்கவில்லை. இந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க உயிர் எங்களுக்கு முக்கியம்" என்றது. கேன்டீனில் மேஜை துடைக்கிற, தட்டு எடுக்கிற, பரிமாறுகிற வேலையில் போட்டார்கள்.

என்ன குறை என்று கேட்பீர்கள். குறை இருந்தால் எழுதிப் போட அந்த ஆப்பிலேயே இடம் உண்டு, அதில் எழுத அவளுக்கும் ஒரு குறையும் கிடையாது. ஆனால் மில் முழுக்க விஷயம் பரவிவிட்டது. அவள் தொட்ட டம்ளரைச் சில பேர் தள்ளி வைத்தார்கள். ஒட்டிக்கொள்ளுமாம்! படித்த பிள்ளைகளே அப்படிச் செய்தார்கள். அறுந்த நூலை ஒட்டிய கையால் மாரிக்கனி அவர்கள் சிந்திய சாம்பாரைத் துடைத்தாள், நிமிராமல்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மாரிக்கனிக்கு வைகுண்டராஜ் மேல் சந்தேகம் எள்ளளவும் வரவில்லை. அண்ணன் சொல்லியிருப்பாரா? குலசாமி மேல் சத்தியம் செய்தவராயிற்றே. மிச்சம் இருந்தது ஒருத்திதான். வேன் நிற்கிற இடத்தில், எல்லாரும் பார்க்க, பாண்டீஸ்வரி முன்னால் மண்ணை வாரித் தூற்றிவிட்டாள்.

"ஏட்டி, எங்கூடவே உண்டு எங்குடியக் கெடுத்துட்டியே! நீ நல்லா இருப்பியா? உன் வகுறு எரியாமப் போகுமா?"

பாண்டீஸ்வரியின் மகள் அப்போது நிறைமாதம். வயிறு எரிந்து போடுகிற மண் எங்கே போய் விழும் என்று எந்தத் தாய்தான் பயப்படாமல் இருப்பாள்? ஆனால் அவள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் வைகுண்டராஜிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, நான் சொல்லல."

அவர் தரையைப் பார்த்தார்.

"தெரிஞ்சது நம்ம மூணு பேருக்குத்தான். அவ சொல்லிருக்க மாட்டா. நான் சொல்லல. நான் போய் அவகிட்ட உங்களக் காட்டிக்குடுக்க மாட்டேண்ணே. அவளுக்கு இப்ப இருக்குற ஒரே தெம்பு நீங்கதான். நீங்களே சொல்லிருங்க. எம்மக நல்லபடியாப் பெத்துப் பொழைக்கணும்."

"சொல்லிர்றேன் பாண்டீஸ்வரி."

சொல்லிவிட நினைத்தார்தான். முதலில், சொல்லாமலே சரிசெய்ய முடியுமா என்று பார்த்தார். இந்துவிடம் போய், "தப்பாச் சொல்லிட்டேன் மேடம், அது வலிப்பு இல்ல, மயக்கம்தான்" என்றார். இந்த முறை உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அது வருத்தத்தோடு தலையாட்டியது.

"நாளைக்கு மிஷின் மேல விழுந்து ஒன்னு ஆச்சுன்னா, உங்களால தாங்க முடியுமா சார்?"

எந்தச் சாமி மேலும் சத்தியம் செய்து "விழமாட்டாள்" என்று அவரால் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை சொல்வது தப்பில்லை. மாரிக்கனி கேட்டதும் தப்பில்லை. நடுவில் வாயைத் திறந்த தான் மட்டும்தான் தப்பு என்று அவருக்குப் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார். மாரிக்கனி தெருமுனை வரை போனார். வாசலில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தது தெரிந்தது. திரும்பி நடந்து, பஸ் ஸ்டாண்டு கடையில் பால்கோவா வாங்கிக்கொண்டு ராஜபாளையம் வந்து சேர்ந்தார். நாச்சியார் பொட்டலத்தையும் அவர் முகத்தையும் பார்த்தாள்.

"சொல்லலையா?"

"அவ வீட்டுல ஆளு இருந்துச்சு."

"பால்கோவா என்னத்துக்கு வாங்கிட்டு வந்தீங்க? நெஞ்சுல இருக்குறது இதத் தின்னா எறங்கிருமா?" என்று பொட்டலத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

இதில் கொடுமை என்னவென்றால், கேன்டீனில் வைகுண்டராஜுக்கு மட்டும் மாரிக்கனி தனியாகக் கவனித்துப் பரிமாறினாள். "அண்ணே, இன்னும் ரெண்டு கரண்டி போடட்டா? ஏன் இப்படி எளைச்சுட்டீக?" என்பாள். "நீங்க ஒருத்தர்தான் எனக்காகப் போய்ப் பேசுனீக, அந்தப் பாவி பேசி வச்சது முந்திக்கிருச்சு" என்பாள். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பார். அதற்குள் அடுத்த தட்டு வந்துவிடும், அவள் போய்விடுவாள். போனதும் மனசு லேசாகும். லேசாகிற மனசைப் பார்த்து அவருக்கே தன் மேல் அருவருப்பாக இருக்கும். நாளைக்குச் சொல்வோம் என்று எழுந்து போவார். அந்த நாளை வரவே இல்லை.

மில்லில் மாதம் ஒரு முறை எல்லாரையும் கேன்டீனில் கூட்டி விழா வைப்பார்கள். நன்றாக வேலை பார்த்தவருக்கு விருது, கைதட்டல், மிக்சர், டீ. அந்த மாதம் அக்கறையுள்ள டீம் லீடர் என்று புதிதாக ஒரு விருது. இந்து மைக்கைப் பிடித்து வைகுண்டராஜ் பேரைச் சொன்னது. அவர் ஆட்கள் விசில் அடித்தார்கள். மேடைக்குத் தள்ளிவிட்டார்கள்.

"இந்த விருது ஏன்னு சொல்லணும்" என்றது இந்து. அதன் குரல் நெகிழ்ந்திருந்தது. "நம்ம அக்கா ஒருத்தங்க ஆபத்தான வேலையில இருந்தாங்க. யாருக்கும் தெரியாது. வைகுண்டராஜ் சார்தான் நேரா எங்கிட்ட வந்து, மனசு விட்டுச் சொன்னாரு. அன்னைக்கு அவர் சொல்லலைன்னா இன்னைக்கு ஒரு உயிரு நம்மகிட்ட இருந்திருக்காது. மாரிக்கனி அக்கா, வாங்க. நீங்களே உங்க கையால சாருக்குச் சால்வை போடுங்க."

அது கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, சத்தியமாக இல்லை. மாரிக்கனிக்கு எல்லாம் தெரிந்திருக்கும், நன்றி சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்றுதான் நினைத்தது. மில்லில் இத்தனை பேர் இருந்தும் கைதட்டல் பாதியில் அறுந்துபோனது. பாண்டீஸ்வரி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாரிக்கனி மேஜை துடைக்கிற துணியை ஓரமாக வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேடை ஏறினாள். இந்து கொடுத்த சால்வையை வாங்கினாள். வைகுண்டராஜ் அவள் காலில் விழுந்துவிடலாமா என்று நினைத்தார். விழவில்லை. "மாரிக்கனி..." என்றார்.

அவள் சால்வையை விரித்துத் தோளில் போர்த்தி, ஒரு பக்கம் சரிந்ததை இழுத்துச் சரிசெய்தாள். அவள் வாய் அவர் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேண்ணே. அந்தப் பிள்ளத்தாச்சி வீட்டுக்கு நான் மண்ண வாரிப் போட்டேனே, அப்பவாச்சும் சொல்லிருக்கலாமே."

அவ்வளவுதான். இறங்கி நேராகப் பாண்டீஸ்வரி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போனாள். போனவள் உட்காரவில்லை, தரையில் மடங்கி அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாண்டீஸ்வரி அவள் முதுகைத் தடவினாள். மேடையில் போட்டோக்காரர், "சார், இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்றார். வைகுண்டராஜ் சிரித்தார். சொன்னதைச் செய்து பழகிய உடம்பு, அது சிரித்துவிட்டது.

பாண்டீஸ்வரி மகளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. மாரிக்கனிதான் முதலில் போய்த் தூக்கினாளாம். வைகுண்டராஜ் மாரிக்கனி வீட்டுக்கு ஒரு நாள் போனார், இந்த முறை வாசல் வரை. "வாங்கண்ணே" என்று தண்ணீர் கொடுத்தாள். மன்னித்துவிடு என்றார். "இருக்கட்டும்ணே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பார். அதற்குப் பிறகு அவள் அவரிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. சோறு வைப்பதில் குறை வைப்பதில்லை, ஆனால் இன்னும் ரெண்டு கரண்டி போடட்டா என்று கேட்பதில்லை.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, விருது வாங்கிய மற்றவர்கள் படங்களோடு கேன்டீன் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். சால்வையும் சிரிப்புமாக வைகுண்டராஜ் அதில் இருக்கிறார். எடுத்துவிடச் சொல்லி இந்துவிடம் ரெண்டு தரம் கேட்டார். அவருக்கு அடக்கம் அதிகம் என்று அது நினைத்துக்கொண்டது. மில்லில் பஞ்சுத் தூசிக்குக் குறைவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மாரிக்கனி ஈரத்துணியோடு ஸ்டூலில் ஏறி ஒவ்வொரு படமாகத் துடைத்து வருவாள். ஒரு நாளாவது தன் படத்தை மட்டும் விட்டுவிட்டுத் தாண்டிப் போகமாட்டாளா என்று வைகுண்டராஜ் கை கழுவுகிற இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவள் அதையும் மற்றப் படங்களைப் போலவே நன்றாகத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறாள்.